சுத்தியலை எடுக்கப் போனவர்கள்

3 ஆகஸ்ட் 1991, சனி

பீரோவின் நடுத் தட்டும் இன்றோடு போயிற்று. மொத்தம் முப்பத்தொரு வீடியோ கேசட். பட்டுப் புடவைகள் மேல் தட்டுக்கு ஏறிவிட்டன. இவர் குரோம்பேட்டையிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, “ஊர்ல பீரோவத் தொறந்தா நக தெரியும். நம்ம வூட்ல நெசவாளி, மீனவன் எல்லாம் தெரியறான்” என்றார். கோபமில்லை. டெக்கைத் துடைத்து வைப்பதே இவர்தான்.

படப்பையில் கடைக்குக் கடை சினிமா கேசட் வாடகைக்குக் கிடைக்கிறது. நான் சேர்ப்பது அங்கே கிடைக்காது. யாரோ கைக்காசைப் போட்டு, காமிராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த நிஜ மனிதர்களின் படங்கள். டிவியில் போடமாட்டார்கள். ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் கடிதம் எழுதிக் கேட்டு, பிரதி எடுத்து, தபாலில் அனுப்பித்தான் நகர்கின்றன. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் டைப் அடிக்கிற பொம்பளைக்கு இது என்ன பைத்தியம்? தெரியவில்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து ஷாரோன் கடிதம். பெண்கள் விடுதி நடத்துகிறார், மூன்று வருடக் கடிதப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு படம் இருக்கிறதாம். 1983-இல் எடுத்தது. கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்கள் செய்த வேலைநிறுத்தம். எங்கே தெரியுமா? மணிமங்கலத்துக்குப் பக்கத்தில்! எடுத்தவர் நரசிம்மன் என்று மெட்ராஸ்காரர். அவரிடமிருந்த பிரதி ஈரத்தில் போய்விட்டதாம். ஷாரோனிடம் இருப்பதுதான் கடைசியாக இருக்கலாம்.

பதிலுக்கு என் உப்பளப் படத்தைக் கேட்கிறார். அவருடைய டெக் ரிப்பேர், பிரதி எடுக்க வழியில்லை. கேசட்டுக்குக் கேசட்.

6 ஆகஸ்ட்

உப்பளமா, குவாரியா. சாதம் குழைந்துவிட்டது.

10 ஆகஸ்ட், சனி

உப்பளத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். பக்கத்து ஊர்ப் படம் பெங்களூரில் இருப்பதாவது!

24 ஆகஸ்ட், சனி

வந்தது. பிரித்தேன். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, ஊறுகாயில் பூத்த மாதிரி. அவசரப்பட்டு டெக்கில் போட்டேன். அரை நிமிடம் கோடு கோடாக ஓடியது, பிறகு கேசட்டை வெளியே தள்ளிவிட்டது.

உப்பளமும் போச்சு, இதுவும் போச்சு. அழவில்லை என்று எழுத ஆசை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

படப்பை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டில்லிபாபு ரேடியோ டிவி ரிப்பேர் கடை. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல டெக்கில் போடவே கூடாது, பூஞ்சை மற்ற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று திட்டினார். பழைய டெக் ஒன்றின் மூடியைக் கழற்றி, டேப்பைக் கையால் உருட்டி உருட்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டுமாம். ஒரு வாரம் ஆகும்.

யார் படம் என்று கேட்டார். ஜல்லி உடைக்கிற பொம்பளைங்க படம் என்றேன். “எங்க அம்மாவும் ஒடைச்சவங்கதான்” என்றார். அதோடு திட்டு நின்றது.

1 செப்டம்பர், ஞாயிறு

ஓடுகிறது!! நடுவில் நாலு விநாடி மட்டும் டேப் கசங்கி, வெட்டி ஒட்டியிருக்கிறார். மற்றபடி இருபத்தெட்டு நிமிடமும் இருக்கிறது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஜல்லியை அளக்கிற மரப்பெட்டி ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண் பேசுகிறாள். கான்டிராக்டர் பெட்டியின் மேல் ஒரு பலகையைக் கூடுதலாக அடித்துவிட்டான், அதே கூலிக்கு அதிக ஜல்லி கேட்கிறான் என்று. ஒல்லியான முகம், கனத்த குரல். அந்தக் குரலை நான் தினமும் கேட்கிறேன். “அம்மா, காலைத் தூக்குங்க, பெருக்கணும்.”

எங்கள் ஆபீஸ் கோவிந்தம்மா! ஆறு வருடமாக என் மேசைக்குக் கீழே பெருக்குகிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2 செப்டம்பர், திங்கள்

மதியம் சொன்னேன். முகம் மலரும் என்று நினைத்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அந்தப் படமா? வேணாம்மா. யாருக்கும் போட்டுக் காட்டாத” என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

11 செப்டம்பர், புதன்

மெட்ராஸிலிருந்து ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் கடிதம். படம் ஓடுகிறது என்று ஷாரோனுக்கு எழுதியிருந்தேன், அவர் சொல்லியிருக்கிறார். தொலைந்துபோன படம் கிடைத்தது பெரிய விஷயம், உடனே திரையிட வேண்டும், நரசிம்மனும் வருவார், என்னை மேடையில் பாராட்டப் போகிறார்களாம். மேடையில்! இரண்டு தடவை படித்தேன்.

கேசட் என்னுடையது. முகம் அவளுடையது. என்ன செய்வேன்?

12 செப்டம்பர்

இப்போது முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். காரணம் எழுதவில்லை. இவர், “நல்லதுதான் செஞ்ச” என்றார். சரி, ஆனாலும் வயிற்றெரிச்சல்.

13 செப்டம்பர், வெள்ளி

கோவிந்தம்மாவிடமும் சொன்னேன், யாருக்கும் காட்டவில்லை என்று. தலையை ஆட்டினாள். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவளே வந்தாள்.

“அதுல முனிம்மா கீறாளா?”

யார் முனிம்மா என்று கேட்டேன். கூட வேலை செய்தவளாம், போன வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தாள். தலை நிறையக் கதம்பம், மஞ்சள் புடவை. இவர் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். படம் ஓட ஆரம்பித்ததும் அவள் முன்னால் சாய்ந்தாள். தன்னைப் பார்த்ததும், “இவ்ளோ ஒல்லியாவா இருந்தேன்?” என்று மட்டும் கேட்டாள். முனிம்மா வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எதற்கோ பல் தெரியச் சிரிக்கிற பெண். எழுந்து போய்த் திரையை விரலால் தொட்டாள். கண்ணாடி சுரீரென்று ஷாக் அடித்திருக்கும் போல, கையை உதறிக்கொண்டு சிரித்தாள். “அப்பவும் அப்டித்தான், தொட்டா அடிப்பா.”

கடைசிக் காட்சியில் விடியற்காலையில் பெண்கள் வரிசையாகக் குவாரிக்குள் நடந்து போகிறார்கள். பின்னால் ஒரு குரல் இங்கிலீஷில் பேசுகிறது. அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்: பதினோராவது நாள் பசி ஜெயித்தது, பெண்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள்.

 கோவிந்தம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நாங்க எங்கம்மா தோத்தோம்? சுத்தியல எடுத்தாரப் போனோம்.”

சுத்தியல்களெல்லாம் அவர்களுடைய சொந்தச் சுத்தியல்களாம். கான்டிராக்டர் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டான். அன்றைக்கு விடியலில் போய், காவல்காரனைப் பேசிச் சரிக்கட்டி, முப்பது சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் குவாரிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே லாரிகள் காலியாக நின்றன. இரண்டாம் மாதம் கான்டிராக்டரே ஆள் விட்டுக் கூப்பிட்டான். எல்லாரும் பார்க்க அந்தக் கூடுதல் பலகையைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பெண்கள் உள்ளே கால் வைத்தார்கள்.

எல்லாரையும் சேர்த்துக்கொண்டான், இவளைத் தவிர. காமிராவுக்கு முன்னால் பேசியவளாம். படம் எடுத்தவர்களோ, போட்டுக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவேயில்லை. அதற்குத்தான் இத்தனை வருடக் கோபம்.

“அவன் சேத்துக்காதது கூடப் பரவால்லம்மா. தோத்துட்டோம்னு படத்துல ஊரு பூரா சொல்லிக்கினு கீறாங்களே, அத இன்னா பண்றது?”

காபி ஆறிப்போயிருந்தது. மறுபடி போட்டேன். குடித்துவிட்டு அவளே முடிவு சொன்னாள். படத்தைப் போடலாம், ஆனால் முதலில் மணிமங்கலத்தில். மெட்ராஸ்காரர்கள் இங்கே வரட்டும். படம் முடிந்ததும் அவள் பேசுவாள்.

6 அக்டோபர், ஞாயிறு

மணிமங்கலம் மாதர் சங்கக் கட்டிடம். டில்லிபாபு தன் கடையிலிருந்து பெரிய டிவியை வண்டியில் ஏற்றி வந்தார், அவருடைய அம்மாவையும். எண்பது பேராவது இருக்கும். திரையில் முகங்கள் வர வர, உட்கார்ந்திருந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் கோவிந்தம்மா எழுந்தாள். நான் பயந்தேன், அவள் பயப்படவில்லை. சுத்தியல் கதையைச் சொன்னாள். “ஆமா, ஆமா” என்று நாலா பக்கமும் குரல். காவல்காரனை யார் சரிக்கட்டியது என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது.

நரசிம்மன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். முன்வழுக்கை, மெலிந்த மனிதர். படம் எடுத்தபோது அவருக்கு இருபத்தாறு வயதாம். ஃபிலிம் ரோல் தீர்ந்துபோய்விட்டது, அத்தோடு கிளம்பிவிட்டோம், தப்புதான் என்றார்.

“ரோல் தீந்தா இன்னா சார், பஸ்ஸுமா தீந்துபூட்ச்சு?”

கட்டிடமே அதிர்ந்தது. அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மேடையே இல்லை. எனக்கு அது ஞாபகம் வந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான்.

5 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. விடாத மழை. கேசட்டுகளுக்கு நடுவே கற்பூரம் வைத்து மூடினேன். பூஞ்சைக்கு ஆகுமா? பீரோ கோயில் மாதிரி மணக்கிறது.

23 நவம்பர், சனி

நரசிம்மனிடமிருந்து புதுப் பிரதி. போன மாதக் கடைசியில் டேப் ரெக்கார்டரோடு வந்து கோவிந்தம்மாவின் பேச்சைப் பதிந்துகொண்டு, என் கேசட்டையும் வாங்கிக்கொண்டு போனார். இப்போது கடைசிக் காட்சியில் இங்கிலீஷ்காரன் இல்லை. பெண்கள் நடக்கிறார்கள், அவள் குரல் சொல்கிறது. ஷாரோனுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறாராம்.

8 டிசம்பர், ஞாயிறு

கோவிந்தம்மா ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேற என்ன படம் கீது என்று பீரோவை அவளே திறந்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை, நீல அட்டையாக ஒன்றை உருவினாள். கேரளத்து மீனவப் பெண்கள், சந்தைக்கு மீன் கொண்டுபோக பஸ்ஸில் இடம் கேட்டுப் போராடுகிற படம். மலையாளம். பாதி புரிந்தது, மீதியை அவர்களே பேசி நிரப்பிக்கொண்டார்கள். இவர் எல்லாருக்கும் டீ போட்டார்.

படம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

“அப்பால இன்னா ஆச்சாம்?” என்றாள் கோவிந்தம்மா.

தெரியாது என்றேன். ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு கேசட் அட்டையிலிருந்த விலாசத்துக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அந்தப் பெண்களுக்கு பஸ்ஸில் இடம் கிடைத்ததா, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று. அடுத்து நெசவாளர் படத்துக்கு ஒன்று. வீட்டிலிருந்த இன்லண்ட் தீர்ந்துவிட்டது. மீதிப் படங்களுக்கு நாளை தபால் ஆபீசில் இன்னும் இருபத்தெட்டு வாங்க வேண்டும்.