முதுகில் ஒரு திட்டும் இல்லாத பாம்பு

என் எரிச்சலை இன்னும் அடங்கவிடாத அன்பு மச்சான் யோகனுக்கு,

முட்டைகள் பொரித்துவிட்டன. கோடையிலேயே பொரித்துவிட்டன. உனக்குச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். வேலையால் வந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு முட்டை கிழிந்து, சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள்தான் அது முழுதாக வெளியே வந்தது. முதுகில் ஒரு திட்டும் இல்லை. கழுத்திலிருந்து வால்வரை ஒரே செம்மஞ்சள். நீ சொன்னபடியே வந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். நீ என் தங்கை வதனியின் புருஷன். டோர்ட்மண்டில் நம் ஆட்கள் கிரிக்கெட், கடை, கோயில் என்று திரிந்தபோது நாம் இருவரும் பாம்பு வளர்த்தோம். ஜேர்மன்காரர் கோர்ன்நாட்டர் என்று சொல்லும் விஷமில்லாத பாம்பு. உடம்பு செம்மஞ்சள், முதுகு நெடுகச் சிவப்புத் திட்டுகள். எதை எதோடு சேர்த்தால் வெள்ளை வரும், சாம்பல் வரும், திட்டுக்குப் பதில் கோடு வரும் என்று பார்த்துப் பார்த்துக் குட்டி எடுப்பதுதான் நம் பைத்தியம். எனக்கு வாய்த்ததெல்லாம் சாதாரணம். உனக்கு முதல் சோடியிலேயே சிவந்த கண்ணோடு வெள்ளைக் குட்டி. நான் புத்தகம் புத்தகமாகப் படித்தேன். நீ ஒரு பக்கம் படித்து நான் கண்டதில்லை. இதில் என்ன நியாயம்?

வீட்டு விஷயத்திலும் அப்படித்தானே? என் மனைவி என் பாம்புகளைக் கட்டடத்தின் அடியிலுள்ள நிலவறையோடு, இங்கத்தைய கெல்லரோடு, நிறுத்திவிட்டாள், படியேறக்கூடாது. உன் பாம்புகளோ வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். அவற்றுக்கான உறைந்த எலிகள் உங்கள் குளிர்பெட்டியில் மீனுக்கு அருகில் கிடந்தன. வதனி போட்ட ஒரே சட்டம், "வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில பாம்பும் விரதம்தான்." அதையும் நீ சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாய். எனக்கு அந்தச் சிரிப்பிலும் பொறாமை.

பிறகு, இங்கே யூரோ வந்த வருஷம், திட்டில்லாத அந்த முதல் பெண்குட்டி உன்னிடம் பிறந்தது. தமிழ்க் கடையில் மீன் வந்த, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் விளக்கு வைத்து அடைகாத்த முட்டை அது. அப்படி ஒன்றை நம் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. அடைகாக்கும் சூடு ஏறி இறங்கினால் குட்டியின் முதுகில் கோலம் பிசகும். அந்தப் பிசகு அதன் குட்டிகளுக்குப் போகாது. இது எல்லோருக்கும் தெரியும். நான்தான் உரத்துச் சொன்னேன்.

"மச்சான், உது சூட்டில வந்த பழுது. மீன் பெட்டியில அடைவச்சா உப்பிடித்தான் வரும்."

"பழுதோ வடிவோ, அதின்ர பிள்ளையளைப் பாத்திட்டுக் கதை. அது வளரட்டும், உன்ர ஆண்பாம்பைத் தா."

தந்தேன். நீ மூக்குடைபடுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் தந்தேன். பிறந்த குட்டிகள் எல்லாம் என் பாம்பைப் போலவே திட்டும் புள்ளியுமாக வந்தன. அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட றோல்ஸ் மாதிரி ருசியான றோல்ஸ் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. நீயோ கலங்கவே இல்லை.

"பொறு மச்சான், சாமான் உள்ளுக்க இருக்குது. மகனைத் தாயோட சேர்த்துப் பார், அப்ப வெளியில வரும்."

அது வரலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாரியில் நீ வேலைக்குப் போகும் வழியில் டிராமுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய். அரைவாசியில் விட்டுப்போக உனக்கு எப்படி மனம் வந்தது?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாளில் வதனி தாய்ப்பாம்பையும் ஒரு மகன்குட்டியையும் கொண்டுவந்து என் கெல்லரில் வைத்தாள்.

"உங்களிட்டத்தான் குடுக்கவேணும் எண்டு எப்பவோ பகிடியாச் சொன்னவர், அண்ணா."

"ஏன் எனக்கு? எத்தினை பேர் கேட்டவங்கள்."

"எரிச்சல் பிடிச்சவன்தான் ஒழுங்காப் பாப்பான் எண்டவர்."

பார்த்தேன், மச்சான். அந்தக் குட்டி வளரும்வரை பார்த்தேன். நம் நகரத்திலேயே உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தது, தெருவெல்லாம் ஆரவாரம். நான் கெல்லரில் உன் பாம்புக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு மகனைத் தாயோடு சேர்த்தேன். நல்ல விலைக்கு வாங்கிய அடைகாப்புப் பெட்டியில் முட்டைகளை வைத்தேன், சூடு அசையவில்லை. எல்லாம் திட்டோடு பிறக்கவேண்டும் என்று கும்பிட்டேன். செத்த மனிதனிடம் தோற்க யாருக்கு விருப்பம்?

பாதிக்குப் பாதி திட்டில்லாமல் வந்தன. வதனி பார்க்க வந்தாள். ஒன்றைக் கையில் எடுத்து, அது விரலிடுக்கால் நழுவ நழுவ, வாய்விட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. எத்தனை பகிடி விட்டிருப்பேன், எத்தனை இடத்துக்குக் கூட்டிப்போயிருப்பேன்! அதுவும் உன்னால்தான் முடிந்தது.

போன மாதம் ஊர்வனச் சந்தைக்குக் கொண்டுபோனேன். என் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். பாம்பு வளர்ப்பவர்களுக்குள் உள்ள வழக்கம் உனக்குத் தெரியும்: புதுக் கோலம் ஒன்று யாருடைய பெட்டியில் தற்செயலாகப் பிறந்தது என்பது கணக்கில்லை. அது இரத்தத்தில் இறங்கும் என்று குட்டி எடுத்துக் காட்டியவனுக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை. அவர்களுக்குள் மூத்தவரான கிழவர் ஹோர்ஸ்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ நிரூபித்துவிட்டாய், ரமணன். பெயரைச் சொல்" என்றார்.

எத்தனை வருஷம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! உன் பெயரை வைக்கும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். வதனியிடமும் முன்பே கேட்டிருந்தேன். "நீங்களே வையுங்கோ அண்ணா. அவர் இருந்தா உங்களோட சண்டை பிடிச்சிருப்பார். இனி ஆர் பிடிக்கிறது?" என்றாள்.

என் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் மேசைக்கு மறுபக்கம் பார்த்தேன். ஒருவருக்கும் எரிச்சல் இல்லை. எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார்கள். "உது என்ர பாம்படா" என்று என் சட்டையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் உறுதி இல்லை. இன்னொரு தலைமுறை பார்க்கவேண்டும்" என்றேன்.

அது பொய் என்று ஹோர்ஸ்டுக்குத் தெரியும். குட்டிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரி, அடுத்த வருஷம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

அடுத்த வருஷம் அவர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், மச்சான். அதற்கடுத்த வருஷமும் சொல்வேன். உன் பாம்புகளை ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வேன், ஆனால் அவற்றுக்குப் பெயர் வைக்கமாட்டேன். வைத்தால் நம் போட்டி முடிந்துவிடும். நான் உயிரோடு இருக்கும்வரை அதை முடிக்கவிடமாட்டேன், இது சத்தியம்.

இன்னும் உன்னிடம் தோற்காத,
உன் பெண்சாதியின் அண்ணன்,
ரமணன்