எண் அழிந்த கற்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலியும் பாப்பாவின் இருமலும் குறைந்தனவா?

போன வாரம், “எதுவும் கேக்காம, நான் அனுப்பின சுவர்ப் படத்தையெல்லாம் திருப்பி அனுப்பு” என்றேனே, ஏன் தெரியுமா? பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

இங்கே நூறு வருடக் கட்டடத்தின் முகப்பை மட்டும் காப்பாற்றி, பின்னால் அறுபது வீடுகள் கட்டுகிறோம். முகப்புக் கற்களில் எண் எழுதி, பிரித்து அடுக்கியிருந்தோம். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு வரிசையை நான் கழுவித் தொலைத்தேன். எண்ணெல்லாம் போச்சு!

“முகப்பு நிக்கலேன்னா வீடு கட்ட அனுமதி கிடையாது. நீ ஊருக்கு மூட்டை கட்டு” என்றார் மேஸ்திரி. அலுவலகத்தில் இருந்த முகப்புப் படங்களெல்லாம் தூரத்தில் எடுத்தவை, எண் தெரியவில்லை.

“உங்க மூஞ்சியைக் காட்டாம செவுத்தையே அனுப்புறீங்களே” என்று திட்டுவாயே, என் போனில் இடமில்லாமல் நான் அழித்துவிட்ட அந்தப் படங்களில்தான் எண்ணும் கல்லின் மூளியும் பளிச்சென்று தெரிந்தன. நேற்று கடைசிக் கல்லும் அதனிடத்தில் உட்கார்ந்தது. “உன் வீட்டுக்காரிக்கு ஒரு கும்பிடு” என்றார் அதே மேஸ்திரி.

லாரி வந்துவிட்டது, போகிறேன். குளிருக்குப் போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே. கழுவிக் கெட்டவன் சொல்கிறேன்.

பாப்பாவின் அப்பா