பந்தைக் கொடுத்துவிட்டு ஓடியவளுக்கு

இன்று காலை கல்லூரி ஸ்டோர் அறையைத் திறந்ததும் புதுப் பந்துகளின் ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. ராத்திரி பெய்த மழையில் கோர்ட் இன்னும் ஈரமாகக் கிடக்கிறது. மத்தியானம் ஆட்டம், அதற்குள் காய்ந்துவிடும். புதுப் பந்து வந்தால் ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்து, பிடித்ததை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற உன் கிறுக்கு நினைவுக்கு வந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் இன்றைக்குப் பேசவேண்டிய விஷயத்தை உன்னிடம்தான் பேசமுடியும்.

நான் பயிற்சி கொடுக்கிற கூடைப்பந்து அணியில், பந்தை முன்னே கொண்டுபோகிற கார்டாக அபிஷா என்று ஒருத்தி இருக்கிறாள். ஊர் மார்த்தாண்டம் பக்கம், அப்பாவுக்குக் கழக்கூட்டத்தில் கட்டட வேலை. பந்து அவள் கைக்குப் போனால் லேசில் வெளியே வராது. நாலு பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் போடுவாள், நன்றாகவே போடுவாள். பிரின்சிபால் முதல் கேன்டீன் வரை அவள்தான் செல்லம். ஆனாலும் பெரிய ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். காரணத்தை உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை, ஒரு காலத்தில் நீ ஆடியதும் இதே ஆட்டம்தான்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு வந்தவள் நீ. நான் தம்பானூர் லாட்ஜ் மேனேஜரின் மகள். மலையாளிகள் நிறைந்த அணியில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ பந்தை முன்னே கொண்டுவருகிற கார்டு, நான் வளையத்துக்குக் கீழே நிற்கிற சென்டர். எதிரணிக்குப் புரியக்கூடாது என்று தமிழில் கத்தி ஆடினோம். “முதுகெ காட்டு” என்றால் என்னைத் தடுப்பவளை முதுகால் மறித்து நான் பந்தை வாங்கவேண்டும். “கெழக்க போ” என்றால் கோர்ட்டை ஒட்டிய ஆஸ்பத்திரிச் சுவர்ப் பக்கம் ஓடவேண்டும். எதிரணி திருதிருவென்று முழிக்கும், நமக்குப் பெருமை தாங்காது. நம் அணியின் மற்ற மூன்று பேரும் கூடவே முழித்தது நம் கண்ணில் படவில்லை. சினிமாவில் கேட்ட தமிழ் அவர்களுக்குத் தெரியும். நீ ஓடிக்கொண்டே கத்துகிற எஸ்டேட் தமிழ் எப்படித் தெரியும்?

பந்து உன்னிடமிருந்து எனக்கு வரும், என்னிடமிருந்து உனக்கே திரும்பும். பாதிப் புள்ளி உன்னுடையது, மீதிக்கும் பாஸ் கொடுத்தவள் நீ. புள்ளித் தாளில் பார்த்தால் உன்னைப்போல் யாரும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரில் உனக்கு மூச்சு வாங்கும். எதிரணி இரண்டு பேரை உன்மேல் போட்டுவிடும். அப்போது வேறு வழியில்லாமல் அந்த மூன்று பேரில் ஒருத்தியான ஷைனிக்குப் பந்தை எறிவாய். அதுவரை பந்தையே தொடாமல் ஓடியவளுக்குக் கை எப்படி வரும்?

நாகர்கோவிலிலிருந்து ஒரு அணி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ “கெழக்க போ” என்று கத்தினாய். நான் ஓடுவதற்கு முன்பே அவர்களுடைய சென்டர் கிழக்கே போய் நின்றாள். “கெழக்குன்னா எங்களுக்கும் கெழக்குதான், கேட்டியா?” என்றாள். நான் அசடு வழிந்தேன். அன்றைக்கென்று மாநில முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குப் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்பது உன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இடைவேளையில் நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உன் அரைகுறை மலையாளத்தில், பந்து எங்கே வந்தால் பிடிக்கும் என்று மூன்று பேரிடமும் கேட்டாய். வலது மூலையில் என்று ஷைனி யோசிக்காமல் சொன்னாள். வருஷம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறாள், பாவம். அதன்பிறகு நடுக்கோட்டைத் தாண்டியதும் பந்தைக் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தாய். உன்னைத் தடுத்தவளுக்கு உன் பின்னால் வருவதா, பந்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஷைனி மூலையிலிருந்து போட்டுத் தள்ளினாள். ஜெயித்தோம்.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னது இதுதான். “எடி, நான் பந்தெ வச்சிருந்தப்பெல்லாம் நீங்க டிக்கெட் எடுத்துப் பாக்க வந்தவங்க மாதிரில்லா நின்னிருக்கீங்க. ஒருத்தியாவது சொல்லக்கூடாதா?”

புள்ளித் தாளைப் பார்த்து முகாமுக்கு ஷைனியைக் கூப்பிட்டார்கள், உன்னைக் கூப்பிடவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாய். பிறகு ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி வரவேற்பு மேசையில், உடம்பு முடியாமல் போகும்வரை உட்கார்ந்தாய். அதைப்பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றும் வயிறு எரிகிறது.

இன்றைய ஆட்டத்துக்கும் ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பந்தைத் தரையில் தட்டாமல் பாஸ் மட்டும் கொடுத்து ஆடும் பயிற்சியைக் கொஞ்ச நாளாக நடத்திவருகிறேன். அபிஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். இன்றைக்கு மட்டும் அவள் இஷ்டத்துக்கு விடுங்கள், பெண்ணின் எதிர்காலம் என்று பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார். முடியாது என்றேன். மற்ற நாலு பேருக்கும் எதிர்காலம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் உனக்கு நடந்தது இவளுக்கும் நடந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அபிஷாவே வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, “மிஸ்ஸே, நான் பந்த குடுத்துட்டு ஓடினா என்னை ஆரு காணும்?” என்றாள்.

“நான் பாப்பேன். பாத்தத அந்த மேசைல போய்ச் சொல்லவும் செய்வேன்” என்றேன்.

சொல்லத்தான் போகிறேன். புள்ளித் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவள் ஓடும்போது மற்ற நாலு பேருக்கும் எங்கே இடம் திறக்கிறது என்று பாருங்கள் என்பேன். விரட்டினால் திரும்பவும் போவேன். நீ ஆடிய அன்று கோர்ட்டுக்கு வெளியே நமக்காக வாய் திறக்க ஓர் ஆளும் இல்லை. இன்றைக்கு நான் இருக்கிறேன்.