நாற்காலிக் கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டம்

மார்ச் 3, திங்கள்

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேலாண்மை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று கம்பெனிகளைக் காட்டிவிட்டு வர வேண்டும். போக வேண்டியவர் வேறொருவர், அவருக்கு முதுகுவலி. "ஏதாவது ஒரு கம்பெனிகிட்ட பயிற்சி ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க மேடம். வருஷத்துக்கு ரெண்டு பிள்ளைங்கள எடுத்துக்கிட்டா போதும். உங்க வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசறேன்."

பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். எனக்குப் பின்னால் வந்த காப்பி மெஷினுக்குக்கூடக் கல்லூரியில் நீண்ட கால ஒப்பந்தம் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், துறைத்தலைவர் இப்படிச் சொல்வது எத்தனையாவது தடவை என்று கேட்டார். நான்காவது. சொல்லவில்லை.

மார்ச் 6

நம் பிள்ளைகளை அப்படியே விட்டால் வெளி இடத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ரோல் நம்பர்படி ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற கேள்விகள். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 10

பாட்டில் மூடிக் கம்பெனி. தலைக்கு வலைத்தொப்பி கொடுத்தார்கள். 'நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒப்பந்தம் என்றேன். மெயில் அனுப்பச் சொன்னார்கள்.

மார்ச் 11

தலையணைக் கம்பெனி. இவர்களும் ஒரே குடும்பம். மெயில். மூன்று பேர் மாதிரித் தலையணையில் தூங்கிவிட்டார்கள்.

மார்ச் 12

கடைசி. அலுவலக நாற்காலி செய்யும் கம்பெனி. வாசலில் யாருமில்லை. முதலாளியே வந்து கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும், டை கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமையோடு கம்பெனியை மூடுகிறாராம். எங்கள் வருகைக்கு எட்டு மாதத்துக்கு முன் ஒப்புக்கொண்டது. வேண்டாம் என்று எழுத வேண்டிய பெண் போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டாள். கூட வந்த வழிகாட்டி இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்ல, எல்லோரும் கேட்டுக்கொண்டோம். உட்கார நாற்காலி இல்லை, விற்றாயிற்று. நின்றோம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று மரியாதைக்குச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், ரோல் நம்பர் ஒன்று ஓரடி முன்னால் வந்து, ஊழியர்களை எப்படி ஊக்குவிக்கிறீர்கள் என்றான். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அடுத்த ஆளைக் கேட்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு, மூன்று, நான்கு. தடுக்க வழியில்லை. ஒன்பதாம் நம்பர் பெண், "உங்களோட அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் என்ன சார்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கிறது, அதற்கப்புறம் யோசிக்கவில்லை என்றார். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் மனிதர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியது, மருமகன் எச்சரித்தபோது அவனோடு பேச்சை நிறுத்தியது, அந்த வாடிக்கையாளர் ஒரே நாளில் வேறு இடம் பார்த்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே கேட்டோம். ஒருவரும் தூங்கவில்லை. என் வகுப்பில் இப்படி நடந்ததில்லை.

கிளம்பும்போது என் கையிலிருந்த தாள் என்னவென்று கேட்டார். பயிற்சி ஒப்பந்தம் என்றேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு, வருடம் இரண்டு பேர்.

மார்ச் 14, வெள்ளி

இந்நேரம் மூடியிருப்பார். தாள் என் பையில் இருக்கிறது. கிழித்துப் போட வேண்டியதுதானே? கையெழுத்து நிஜம், முத்திரை நிஜம் — கம்பெனி மட்டும்தான் இல்லை.

மார்ச் 17

கொடுத்துவிட்டேன். துறைத்தலைவர் முத்திரையை மட்டும் பார்த்தார். "சாதிச்சுட்டீங்க மேடம்" என்றார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

ஏப்ரல் 4

நிரந்தர ஆணை வந்துவிட்டது. மாமியார் பக்கத்து வீட்டில் மட்டுமல்ல, எதிர்வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 22

பயண அறிக்கைகளைத் திருத்த உட்கார்ந்தேன். நாற்காலிக் கம்பெனியைப் பற்றி முதல் அறிக்கையில், 'வேகமாக வளர்ந்து வரும் நிறுவனம்'. அடுத்ததிலும் அதே. ஒன்பதில், 'ஐந்தாண்டுத் திட்டம் மிகச் சிறப்பு'. இருபத்திரண்டும் இப்படியே. பத்தொன்பதாம் நம்பர் மட்டும் 'மூடப்போகிறார்கள்' என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 'நல்ல எதிர்காலம் உண்டு' என்று எழுதியிருந்தான்.

ஒன்பதைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒப்பந்தம் கிடைச்சிடுச்சுன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தாங்க மேடம். நாங்க உள்ளத எழுதினா உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்."

எனக்காகவா? நான் கேட்டேனா இதுங்கள? கேட்கவே வேண்டியதில்ல. நான் வாய மூடிக்கிட்டு இருந்ததப் பாத்தே கத்துக்கிட்டாங்க. பதினோரு வருஷத்துல நான் ஒழுங்கா நடத்தின ஒரே பாடம் இதுதான் போல. வெட்கமா இருக்கு. கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்ல.

ஏப்ரல் 23

ஆணையைத் துறைத்தலைவர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். "இத யாரு கேட்டா உங்ககிட்ட?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

மாமியார் இன்று எந்த வீட்டுக்கும் போகவில்லை. கணவர் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டார்.

ஜூன் 9

கல்லூரி திறந்தது. ஆணை ரத்து. மறுபடியும் தற்காலிகம், அதுவும் வேறு ஆள் கிடைக்காததால்தான் என்று காதில் விழுந்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன்.

அதே பிள்ளைகள் இப்போது மூன்றாம் ஆண்டு. அவர்கள் வகுப்புக்குப் போய், மூடிய கம்பெனியின் ஒப்பந்தத்தைக் கொடுத்ததும், பிறகு உண்மையைச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். மணி அடித்ததும் பத்தொன்பதாம் நம்பர் என் மேசைக்கு வந்து தன் அறிக்கையைத் திருப்பிக் கேட்டான். மதிப்பெண் போட்டாயிற்றே என்றேன்.

"பரவால்ல மேடம். திருப்பி எழுதித் தரேன்."

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றிருந்தார்கள். இருபத்திரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். வியாழனுக்குள் தருவார்களாம். கெடு நான் வைக்கவில்லை.