மணிமேகலையிடமும் படிக்கக் கொடு

திண்டுக்கல்,
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மகள் நுஸைபாவுக்கு, அம்மா கமர்ஜஹான் சொல்ல உன் தங்கை தஹ்சீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் உன் தங்கையும் அல்லாஹ்வின் கிருபையில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்பு சுகம் என்று போனில் நீயே சொல்லிவிட்டாய், மனசுக்குத்தான் இந்தக் கடிதம். போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அழுகிறேன், ரெண்டு பேரும் அழுது முடிப்பதற்குள் உன் ஹாஸ்டலில் போனைத் திருப்பி வாங்கிக்கொள்கிற நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதச் சொன்னேன். எலுமிச்சை ஊறுகாய் ஆர்டர் ஒன்று நாளைக்குப் போகவேண்டும், கையெல்லாம் மிளகாய்த்தூள், பேனாவைத் தொட்டால் உன் கண் எரியும். (அக்கா, அடைப்புக்குள் வருவதெல்லாம் நான், தஹ்சீன். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சொல்வதில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன், ஓரமாக நின்று எட்டி மட்டும் பார்ப்பேன்.)

முதல் செமஸ்டரில் ஒரு பாடம் நின்றுபோனதற்காக நீ வெட்கப்படவேண்டாம். அரியர் என்றால் என்னவென்று தஹ்சீனிடம் கேட்டேன், அரிதாகக் கிடைப்பதுதான் அரியர், எல்லாருக்கும் வாய்க்காது என்று சொன்னாள், நானும் நம்பிப் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். (அவங்க வீட்டு ரோஷனுக்கு ஏழு அரியர் அக்கா. அவன் எம்புட்டு அரிய பிள்ளை என்று பார்த்துக்கொள்.) பிறகு அத்தாதான் விளக்கினார். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு ஒரேயடியாக இங்கிலீஷில் பிசிக்ஸ் படி என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாயில் வரவில்லை என்று நீ சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்ரூம் வரிசையில் நிற்கும்போது ரெண்டு பேரும் வாளிகளைப் பார்த்து இங்கிலீஷில் பேசிப் பழகுகிறோம், வாளி மட்டும்தான் தப்புக் கண்டுபிடிக்காது என்று நீ சொல்லிச் சிரித்தாயே, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த ரெண்டாவது ஆளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசவேண்டும்.

மணிமேகலைக்கு நாம் பட்ட கடன் காசில் தீருகிற கடன் இல்லை. ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் மழையில் பஸ் கிடைக்காமல் ஒரு நாள் பிந்தி வந்தோம். வந்து பார்த்தால் அந்தப் பிள்ளை உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கையால் உனக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு, மறு கையால் உன்னுடைய ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். உன்னோடு ஒரே அறை, அவளும் உன்னைப்போல முதல் வருஷம், அவளும் தமிழில் படித்து வந்தவள், அவளும் மறுநாள் தன் ரெக்கார்டு நோட்டைக் காட்டவேண்டும். உன்னுடையதை முடித்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுத்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டேன். நான் செய்து அனுப்புகிற ஒவ்வொரு டப்பாவிலும் அவளுக்கும் ஒரு பங்கு வைத்து அனுப்பியது அதனால்தான்.

அப்படி அனுப்பிய டப்பாதான் இப்படி ஆகிவிட்டது. அவள் பழனிக்கு மாலை போட்டிருக்கிறாள், பூசம் முடிகிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டாள் என்று நீ முன்கூட்டியே சொன்னாய். உனக்கு ஆட்டுக்கறி உப்புக்கண்டம் வறுத்து ஒரு டப்பா, அவளுக்குக் கத்தரி வத்தல் வறுத்து ஒரு டப்பா என்று, எண்ணெய்ச் சட்டியைக்கூடத் தனியாக வைத்துத்தான் செய்தேன். அப்படியிருந்தும் கத்தரி வத்தல் என்று எழுதிய டப்பாவில் உப்புக்கண்டம் வந்து, நீயே அதை எடுத்து அவள் தயிர்சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து, அவளும் நம்பி வாயில் போட்டு, துப்பிவிட்டு ஓடி, நீ அவள் நடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்து, எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ரெண்டையும் வறுத்தால் ஒரே கறுப்பு, ஒரே சுருக்கம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டுமென்றே கொடுத்துச் சிரித்தாய் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு. பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள், ஐந்து நாளாகப் பேசவில்லை, வகுப்பில்கூட வேறு பெஞ்சில் உட்காருகிறாள், எனக்கு இங்கே யாருமில்லை, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை அத்தா கடையை அடைத்துவிட்டார், நாங்கள் மூன்று பேரும் பழனி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நெய்க்காரப்பட்டிக்கு அவர்கள் வீட்டுக்கே போய்விட்டோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ரோடு முழுக்கப் பச்சை வேட்டியும் காவடியுமாகச் சனம் நடந்துகொண்டிருந்தது, பஸ் ஊர்ந்துதான் போனது. வருஷாவருஷம் இதே சனத்துக்கு நம் கடை வாசலில் அத்தா மோர் ஊற்றுகிறார், அந்த வீட்டிலிருந்து போன சாப்பாடா ஒரு பிள்ளையின் விரதத்தைக் கெடுத்தது என்று நினைக்க நினைக்க எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பவே முடியவில்லை. (செருப்புக் கடைக்காரர் வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றினால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று நான் வழக்கமாகக் கேட்பேன் இல்லையா? நேற்று கேட்கவில்லை.)

மணிமேகலையின் அம்மா பொன்னழகு வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏனுங்க, இதுக்கா இந்த வெயில்ல மூணு பேரும் வந்தீங்க, தெரியாம பட்டதுக்கு முருகன் கோவிச்சுக்குவாருங்களா, தலைக்கு ஊத்திட்டு மறுபடியும் மாலையப் போட்டுக்கச் சொல்லிட்டேன், அவளும் போட்டுக்கிட்டா, அவளுக்குச் சாமிகிட்ட பயம் இல்லீங்க, கூட இருக்கறவ சிரிச்சுப்போட்டாளேன்னுதான் ரோசம் என்றார். எம்மவ அப்படிப்பட்டவ இல்லம்மா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, டப்பா மாத்திப் போட்டது நான், தப்பு என் கையிலதான் என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் அப்பா பெருமாள்சாமி தோப்பிலிருந்து வந்து, புள்ளைங்க கோவம் பூசம் வரைக்கும் தாங்காதுங்க, விடுங்க என்று சொல்லி நாலு தேங்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர்கள் நம்மைத் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும், இப்படி மோரைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். (நெய்க்காரப்பட்டியில் நெய்யும் இல்லை, காரமும் இல்லை. அம்புட்டு நல்ல மனுஷர்கள்.) பூசத்துக்கு மகளைக் கூட்டிவர அவர் புதன்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறார், முதல் வருஷப் பிள்ளைகளைப் பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாமே. கடிதம் எழுதிக் கொடுங்க, நானே உங்க மக கையில குடுத்தர்றேன் என்றார்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் உனக்கு வீட்டிலிருந்து எதுவும் செய்து அனுப்ப மாட்டேன். வெளி ஆர்டரும் இந்த ஊறுகாயோடு போதும். சிவப்பு மூடி டப்பாவில் உப்புக்கண்டம் போட்டதாகத்தான் எனக்கு நல்ல ஞாபகம், ஆனால் சிவப்பு மூடியில் கத்தரி வத்தல் என்று ஒட்டியிருந்ததாக நீ சொல்கிறாய். அப்படியென்றால் என் ஞாபகம்தான் கெட்டுவிட்டது. ஒரு வீட்டில் கவிச்சியும் இன்னொரு வீட்டில் விரதமும் இருக்கும்போது இப்படித் தடுமாறுகிற கையை நம்பி யார்

அக்கா, இங்கிருந்து தஹ்சீன். அடைப்பு இல்லை. அம்மா சொன்ன அந்த வரியை என்னால் முடிக்க முடியவில்லை. அம்மா அஸர் தொழப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன். அம்மாவின் ஞாபகம் கெடவில்லை. சிவப்பு மூடியில் உப்புக்கண்டம்தான் இருந்தது. லேபிள் ஒட்டுவது என் வேலை, மாற்றி ஒட்டியது நான், வேண்டுமென்றேதான் ஒட்டினேன். உனக்குக் கத்தரி வத்தல் ஆகாது. உப்புக்கண்டம் என்று வாயில் எச்சில் ஊறத் திறந்து, கத்தரிக்காயைக் கடித்து நீ மூஞ்சியைச் சுளிக்கவேண்டும், ராத்திரி போன் போட்டு என்னைத் திட்டவேண்டும், நீ போனபிறகு என்னைத் திட்ட வீட்டில் சரியான ஆள் இல்லை. உன் டப்பாவை நீ முதலில் திறப்பாய் என்று நினைத்தேனே தவிர, அவளுக்கு முதலில் எடுத்து வைப்பாய் என்று நினைக்கவில்லை. மணிமேகலை அக்கா மாலை போட்டிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி உன் மூஞ்சியோடு நின்றுவிட்டது. உலகத்தில் ஏழு கண்டம் என்று படித்தேன், எனக்கு உப்பில் ஒரு கண்டம் இருந்திருக்கிறது. நீ போன புதன்கிழமை போனில் அழுதபோதே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. நேற்று நெய்க்காரப்பட்டியில் அம்மா, தப்பு என் கையில என்று அழுதபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் லேபிள் ஒட்டுகிறவளுக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. மணிமேகலை அக்கா, இதை நீங்களும் படிக்கவேண்டும். நுஸைபா உங்களை வைத்து விளையாடவில்லை. எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கூத்தடிக்கிறது நான் ஒருத்திதான், என்னோடு வளர்ந்ததால் யார் துப்பினாலும் நடிப்பு என்று நினைத்துச் சிரிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.

அம்மா தொழுதுவிட்டு வந்ததும் முதலிலிருந்து இதுவரை வாசித்துக் காட்டினேன், அடைப்புக்குள் இருந்ததையும் சேர்த்து. அடிப்பார் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன், என் கை மாறல, இல்ல, என்று முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு, ஏண்டி, நேத்து அந்த வீட்டுல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே என்றார். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். கிழிக்காதே, இப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டார். இனி மறுபடியும் அம்மா.

நுஸைபா, இதற்கு மேல் உன் தங்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே எழுதிவிட்டாள். நீ சிரித்தது தெரியாமல் சிரித்ததுதான், ஆனாலும் அதற்கு நீதான் வருத்தம் சொல்லவேண்டும், அதை நான் நெய்க்காரப்பட்டிக்குப் போய்ச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில். அதற்குப் பிறகும் உனக்குப் படிப்பு வேண்டாம் என்று தோன்றினால் சொல், அத்தா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிவருவார், வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் திறந்துதான் இருக்கும். ஆனால் காய்ச்சலில் உன் நோட்டை முதலில் வரைந்த பிள்ளை இருக்கிற இடத்தை, யாருமில்லாத இடம் என்று மட்டும் சொல்லாதே. அப்படி ஒரு துணையைக் கொடுத்ததற்கு நான் தினமும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன். பூசத்துக்கு அவள் ஊருக்கு வரும்போது காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு நடக்கச் சொல். அந்த நாலு நாளும் நீ தனியாக இருப்பாய், மெஸ் இட்லி கல்லாக இருந்தாலும் சட்னியில் ஊறவைத்தாவது சாப்பிட்டுவிடு, ஈரத்தலையோடு படுக்காதே. அல்லாஹ் உங்கள் ரெண்டு பேரின் மனசையும் சேர்த்துவைத்து, படிப்பிலும் பரக்கத் தரட்டும், ஆமீன்.

இப்படிக்கு, உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா கமர்ஜஹான், அத்தா நைனா முகமது.

அம்மா போட்ட தண்டனையை எழுத மறந்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் மறுபடியும் நெய்க்காரப்பட்டிக்குப் போகிறோம், இந்தத் தடவை அம்மா வாயே திறக்க மாட்டாராம், நான்தான் பேசவேண்டுமாம். அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லி முடித்த பிறகுதான் கடிதத்தை மணிமேகலை அக்காவின் அப்பா கையில் கொடுக்கவேண்டும். அதனால் அக்கா, இது இப்போது உன் கையில் இருக்கிறது என்றால், நான் சொல்லிவிட்டேன்.
தஹ்சீன்.