குழாய்ப் படம் வந்த காரணம்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எழுதித் தருவது நம் கம்ப்யூட்டரைப் பழுதுபார்த்த பெண், அவளைக் குறை சொல்லும் இடத்தையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் மாட்ட அம்மா படம் கேட்டா ஒழுகுற குழாயை அனுப்புறீங்களே, உங்களுக்கு என்னப்பா ஆச்சு என்று போனில் அழுதாய். அம்மா போய் ஐந்து வாரம், யார் எது கேட்டாலும் எனக்குப் பதில் வர நேரமாகிறது, கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து வந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும், அதனால் இவளைக் கூப்பிட்டேன். தானாகத் திறந்துகொள்ளும் வேண்டாதவற்றை நிறுத்தினாள், திரையில் ஓடும் ஜோடனைகளை எடுத்தாள், இரட்டையாகக் கிடந்த படங்களை அழித்தாள், இனிமே பறக்கும் பாருங்கய்யா என்றாள். பறக்கத்தான் செய்தது. ஆனால் படங்களைச் சின்னதாகக் காட்டுவதையும் சேர்த்து நிறுத்திவிட்டாள், போட்டோ இருக்கும் இடத்தில் ஒரு முகமும் இல்லை, எல்லாம் ஒரே சின்னம், அடியில் எழுத்து. எனக்கு முகம்தானே பெயர். அம்மா நீல ஸ்வெட்டரில், இரண்டாவது பொத்தான் இல்லாமல், மாடிப்படியில் உட்கார்ந்து சிரிப்பது நாலாவது வரிசையில் ஆறாவது, அடுத்தது பிளம்பருக்குக் காட்ட அவள் எடுத்த குழாய், எனக்கு மறக்காது. எண்ணி, ஆறாவதை அனுப்பினேன். அதற்கு முன்னால் இருந்த ஒரு படம் அழிந்து வரிசை நகர்ந்தது எனக்கு எப்படித் தெரியும். திறந்து பார்த்து அனுப்பக்கூடாதா என்பாய். திறக்கவில்லை மகளே, அவ்வளவுதான்.

நீ போனை வைத்ததும் இவளை வரவழைத்து அம்மாவையும் அழிச்சிட்டியா என்று கேட்டேன், பாவம், முகம் வெளுத்துப்போனாள். இந்த ஒரு டிக்கைத் திரும்பப் போட்டா பார்த்திடலாம், ஆனா மறுபடியும் தள்ளாடும், பரவாயில்லையாய்யா என்றாள். தள்ளாடட்டும், எனக்கு எந்த ரயிலைப் பிடிக்கணும் என்றேன். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அதே வரிசையில் ஐந்தாவதில் அம்மா இருந்தாள். இவள் பெரிதாகத் திறந்து காட்டினாள், பார்த்தேன். அழுகை வரவில்லை. பொத்தான் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைத் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே, பொத்தான் இன்னும் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

இனி எண்ணி அனுப்புவதாக இல்லை, படத்தை அச்சுப் போட்டு இதிலேயே வைத்திருக்கிறேன். வெயில் படாத சுவரில் மாட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்காதே. நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள். கீழே இருக்கும் மூன்றெழுத்து மட்டும் என் கை, அம்மா பழக்கியது.

அப்பா