பத்து லட்சம் சுற்றுகள்

நாள் 212, 07:10
கண்டெடுப்பவருக்கு: நான் தில்லைநாயகி, இந்த நிலையத்தின் வானியலாளர். எதிரே, வினாடிக்கு முப்பது முறை சுழலும் பல்சார் என்னும் இறந்த விண்மீன். அதன் துருவத்தில் ரேடியோ அலை எப்படிப் பிறக்கிறது என்று அறிய வந்திருக்கிறோம். என் ஒரே துணையான ரெக்சன் சிறு கலத்தில் துருவத்துக்கு மேலே பறந்து காந்தப்புலத்தை அளக்கிறான். ஆன்டெனாவில் பல்சாரின் ரேடியோ பதிவு தொடங்கியது. முடியும்வரை லேசர் தொடர்பில் கூப்பிட்டுக் கவனத்தைக் கலைக்காதே என்று அவனிடம் சொன்னேன்.
"சரிக்கா. நீங்க ஒங்க மாப்பிள்ளைகூடப் பேசிக்கிட்டு இருங்க. நான் குறுக்க வரல." பல்சாரைத்தான் என் மாப்பிள்ளை என்று கேலி செய்கிறான்.

நாள் 212, 11:40
வழக்கமான வேலை. பதிவைச் சுற்றுவாரியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறேன். சுழற்சியோடு ஒத்து வருவது வளரும். மற்றதெல்லாம் இரைச்சலாகக் கரைந்துவிடும். திரையில் துடிப்பின் வளைவு அழகாக எழுகிறது. ரெக்சன் கூப்பிடவில்லை. இன்றைக்காவது சொன்னதைக் கேட்டானே என்று மகிழ்ந்தேன்.

நாள் 212, 16:25
பத்து லட்சம் சுற்றுகள். விடை கிடைத்துவிட்டது! சுழலும் காந்தம் உண்டாக்கும் மின்புலம் துருவத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. அவை வீசும் காமா கதிர்கள் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாகின்றன. இணைகள் பெருகிப் பெருகி அந்த மின்புலத்தையே அணைக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல அணைவதில்லை. அந்த ஏற்றத்தாழ்வில் புலம் ஊசலாடி, ரேடியோ அலையாக வெளியேறுகிறது.
ரெக்சனிடம் சொல்ல வேண்டும். லேசரில் பதில் இல்லை.

நாள் 212, 16:52
மூலப்பதிவை அழிக்கும் முன் ஏதேனும் ஒரு துண்டைச் சோதிப்பது எங்கள் வழக்கம். சுழற்சிக்கு ஒத்துவராத ஒரு கீற்று தெரிந்தது. ஏதோ கருவிக் கோளாறு என்று எண்ணி ஒலியாக மாற்றிக் கேட்டேன்.
"எக்கா, லேசர் செத்துப்போச்சு. எஞ்சினும் நின்னுட்டு. ரேடியோவுல பேசுதேன். ஒங்க ஆன்டெனா இந்தப் பக்கந்தான பாத்துக்கிட்டு இருக்கு? மாத்து எஞ்சின நீங்கதான் அங்கருந்து ஓட்டணும். மதியம் ரெண்டு மணிக்குள்ள ஓட்டிருங்கக்கா. அதுக்கு மேல இந்தப் பய இழுத்துருவான்."
பதிவான நேரம் 09:15. அதன் பின் பதினேழு முறை அழைத்திருக்கிறான். பதினேழையும் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைத்திருக்கிறேன்.

நாள் 212, 16:58
மாற்று எஞ்சினை இயக்கினேன். ஓடுகிறது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கலம் திரும்பாது.

நாள் 212, 17:20
ரேடியோவில் அழைத்தேன்.
"எக்கா! வந்துட்டியளா! எங்க போனிய? ரிசீவர் கெட்டுப்போச்சா?"
"ஆமா, ரெக்சன்."
"அதான பாத்தேன். கேட்டுக்கிட்டே சும்மா இருக்க ஆளா நீங்க? போட்டும் விடுங்க. ஒங்க மாப்பிள்ளை வாயத் தெறந்தானா? எப்படிக் கத்துதான்?"
சொன்னேன். மின்புலம், இணைகள், ஊசலாட்டம், எல்லாவற்றையும். நடுவில் இரண்டு கேள்விகள் கேட்டான். நல்ல கேள்விகள்.
"சூப்பர்க்கா. அப்போ நாம வந்தது வீண் இல்ல."

நாள் 212, 19:05
அவன் குரல் நின்று பதினோரு நிமிடம்.
ரிசீவர் கெடவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இங்கே வந்து சேர்ந்தது. மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன், கேளுங்கள். கேட்காமல் விட்டது நான்தான் என்று அவன் வீட்டாருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவனிடமே என்னால் அதைச் சொல்ல…